கல் வெந்த பதம்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்க மனம் வரவில்லை. இன்னும் மேசை மேலேயே இருக்கிறது. ஆலங்குடிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது. கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரே பக்கம். நெடுவாசல் போராட்டம் நடந்தபோது அவருக்கு எட்டு வயது. அம்மாவோடு பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குக் கீழே எண்ணெயும் எரிவாயுவும் இருப்பதாக மைக்கில் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். “அது அங்கே எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. திருமயம் மலைக்குக் கீழே ஏன் இல்லை? எங்கள் ஊருக்குக் கீழே மட்டும் ஏன்?” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வியை அப்போதே நாம் கேட்டிருக்க வேண்டும். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு, ஏற்கெனவே கண்டறியப்பட்ட சிறு எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்தவர்களுக்கு வழங்க ஒப்புதல் தந்தது. மொத்தம் 31 ஒப்பந்தப் பகுதிகள். அதில் பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்போடு நெடுவாசல் பெயரும் இருந்தது. மறுநாளே ஊர் கூடிவிட்டது. நாடியம்மன் கோயில் திடலில் பந்தல் எழுந்தது. நல்லாண்டார்கொல்லை, வடகாடு, கோட்டைக்காடு என்று அக்கம்பக்கத்து ஊர்களும் தனித்தனியாக உட்கார்ந்தன. முதல் கட்டம் 22 நாள். ஏப்ரலில் மறுபடி தொடங்கிய இரண்டாம் கட்டம் 174 நாள். பலாவும் தென்னையும் நிலக்கடலையும் பூவும் விளைகிற அந்த மண்ணில், அதுவரை பாடப் புத்தகத்தில் மட்டும் இருந்த ‘ஹைட்ரோகார்பன்’ என்ற சொல் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சொல் வந்தது, அதன் பின்னால் இருக்கும் கதை வரவில்லை. நம் இதழிலேயே அந்த நாள்களில் மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன் என்று மூன்று சொற்களையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட்டு எழுதினோம். அது பிழை. அந்த மாணவித் தங்கையின் கடிதத்துக்குப் பதில் எழுதுவதோடு அந்தப் பிழையையும் இந்த மாதம் திருத்திக்கொள்கிறேன்.

முதலில் திருமயம். கோட்டை நிற்கிற அந்தக் குன்றும், நார்த்தாமலையும், குடுமியான்மலையும் பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் உருவாகி இறுகிய பாறைகள். அவற்றுக்குள் ஒரு இலையோ பாசியோ சிக்கியிருக்க வழியே இல்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பாதி முழுக்க இந்தக் கரும்பாறைதான். கிழக்கே போகப் போக அதே பாறை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி தாண்டிப் போனால் அதன் மேல் மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அந்த அடுக்குகளுக்குப் பெயர் காவிரிப் படுகை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கிடந்த பெருநிலம் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளக்கத் தொடங்கியபோது நம் கிழக்குக் கரை ஓரத்தில் நீள நீளமான பள்ளங்கள் விழுந்தன. அந்தப் பள்ளங்களில் ஆற்று வண்டலும் ஏரிச் சேறும், பின்னால் கடலும் வந்து நிரம்பின.

அந்த அடுக்குகளுக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் நம் ஊர்ப் பேருந்து நடத்துனர் கூவுவதுபோல இருக்கும். கீழிருந்து மேலே வந்தால் ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், காரைக்கால், திருப்பூண்டி, நிரவி. எந்த ஊரில் துளையிட்டபோது ஒரு அடுக்கை முதலில் நன்றாக அடையாளம் கண்டார்களோ, பெரும்பாலும் அந்த ஊரின் பெயரே அதற்கு. எண்ணெய்க்கு மூலம் என்று சொல்லப்படுபவை அடியில் கிடக்கும் ஆண்டிமடம் அடுக்கும் அதற்கு மேலுள்ள சாத்தப்பாடிக் களிப்பாறையும்தான். மூலப்பாறை என்று இவற்றைச் சொல்வார்கள்.

மூலப்பாறை என்பது என்ன? செத்த பாசி, உதிர்ந்த இலை, மகரந்தம் எல்லாம் காற்றுப் புகாத சேற்றில் மக்க முடியாமல் புதைந்து, கெரோஜன் என்ற கரையாத கறுப்புப் பொருளாக மாறிய களிப்பாறை. அதை எந்த எண்ணெயிலும் கரைக்க முடியாது, பிழிந்தாலும் ஒன்றும் வராது. பாசி அதிகமாக இருந்தால் எண்ணெய் நிறையத் தரும். மரமும் இலையும் அதிகமாக இருந்தால் வாயுவாகப் போகும். ஆனால் இரண்டும் வேக வேண்டும். வேகாத கெரோஜன் வெறும் கறுப்புக் களிதான்.

வேகாத களியைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசை இருப்பவர்கள் பெரம்பலூர் மாவட்டத்துத் தெரணிக்குப் போகலாம். அங்கே களிமண் வெட்டிய குழிகளில், வெளிறிய கட்டியைத் தட்டிப் பிளந்தால் உள்ளே இலை அச்சு இருக்கும். நடுநரம்பின் இருபுறமும் சீப்புப் பற்கள்போல நெருக்கமாகச் சின்னச் சின்ன இலைகள். டிலோஃபில்லம் என்று பெயர். இன்று உலகத்தில் எங்கும் இல்லாத தாவரம். ஒருமுறை ஒரு கட்டியைப் பிளந்து வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நரம்பு நரம்பாகத் தெரிந்தது, ஏதோ நேற்று மாலை உதிர்ந்ததுபோல. ஆண்டிமடம் அடுக்கும் ஏறத்தாழ அந்தக் காலத்து மண்தான். தெரணியில் இருப்பது படுகையின் விளிம்பில், மேலேயே தங்கிவிட்டது. கிழக்கே போனது கிலோமீட்டர் கணக்கில் புதைந்தது. ஏறத்தாழ ஒரே வயது மண்ணில் ஒன்றில் இலை அச்சு அப்படியே இருக்கிறது, இன்னொன்று எண்ணெய் கக்கியிருக்கிறது. நடுவில் இருக்கும் வித்தியாசம் ஆழம். ஆழம் என்றால் சூடு.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு என்பதை நம் விவசாயிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மார்கழி விடியலில் எண்ணூறு அடி ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டால் தண்ணீர் ஆவி பறக்க வெதுவெதுப்பாக வரும். பொதுவாக நூறு மீட்டருக்கு மூன்று டிகிரி செல்சியஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணூறு அடி ஏறத்தாழ 240 மீட்டர். தரைக்கு 28 டிகிரி என்றால் அங்கே 35 டிகிரி. இதே கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே 60 டிகிரி, மூன்று கிலோமீட்டரில் 120 டிகிரி. இடத்துக்கு இடம் இது கூடும் குறையும். ஆனாலும் இந்த 60-க்கும் 120-க்கும் இடைப்பட்ட சூட்டில்தான் பெரும்பாலும் கெரோஜன் உடைந்து எண்ணெய் பிறக்கிறது. அதற்கும் மேலே சூடு ஏறினால் எண்ணெயே உடைந்து வாயுவாகும். 200 டிகிரியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் வறண்ட மீத்தேன்தான் மிச்சம். இன்னும் போனால் எதையும் தராத கரித்துகள்.

இதற்குத் தமிழில் புதிதாகக் கலைச்சொல் எதுவும் தேட வேண்டாம். பதம் என்ற சொல் இருக்கிறது. எங்கள் பெரியம்மா தீபாவளிக்கு அதிரசம் சுடும்போது வெல்லப் பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். கரைந்து போனால் இன்னும் ஆகவில்லை. விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வந்தால் உடனே அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். உருண்டையைக் கிண்ணத்தில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் கேட்டால் பாகு முறுகிவிட்டது, அதிரசம் கல்லாகிவிடும். எண்ணெய் தேடுகிறவர்களும் பாறையிடம் இதையேதான் கேட்கிறார்கள். இன்னும் ஆகவில்லையா, பதத்தில் இருக்கிறதா, முறுகிவிட்டதா?

அவர்களுடைய தண்ணீர்க் கிண்ணம் ஒரு நுண்ணோக்கி. மரத்தின் கட்டைத் திசு புதைந்து கரியாகும்போது விட்ரினைட் என்ற பொருளாகிறது. சூடு ஏற ஏற அதன் மினுமினுப்பு கூடிக்கொண்டே போகும், பின்னர் குளிர்ந்தாலும் குறையாது. அதனால்தான் அதை நம்புகிறார்கள். வாழ்நாளில் அந்தப் பாறை கண்ட உச்சச் சூட்டை அது மறப்பதில்லை. துளையிலிருந்து வந்த பாறைத் துணுக்குகளைப் பிசினில் பதித்து, கண்ணாடிபோல வழவழப்பாகத் தேய்த்து, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பச்சை ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பார்கள். விழுந்த ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு. 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாறை வேகவில்லை. 0.6 அளவில் எண்ணெய் பிறக்கத் தொடங்கும். 1.3-ஐத் தாண்டினால் எண்ணெய்க் காலம் முடிந்து வாயுக் காலம். 2-க்கு மேலே வறண்ட வாயு. அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கக் கருவிக்கு அடியில் வைக்கும் தரக் கற்களில் ஒன்று நீலக்கல். அதன் அளவு 0.59. ஒரு கறுப்புக் கரித்துண்டு நீலக்கல் அளவுக்கு மின்னத் தொடங்கும்போது அந்தப் பாறை எண்ணெய் தரத் தயாராகிறது என்ற செய்தியை முதன்முதலாகப் படித்த இரவு, அந்தப் பக்கத்தை விட்டு வர எனக்கு வெகுநேரம் ஆனது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இங்கே ஒரு சோறு போதாது. துளையிடும்போது மேல் அடுக்கு சரிந்து விழுந்து கீழ் அடுக்கோடு கலந்து வரும். அந்தத் துணுக்கு வேகாததுபோலக் காட்டும். பழைய மலையிலிருந்து ஆறு அரித்துக்கொண்டு வந்து போட்ட கரித்துண்டு ஏற்கெனவே வெந்தது. அது பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். ஆகவே ஐம்பது, நூறு துணுக்குகளை ஒவ்வொன்றாக அளந்து, எண்கள் எங்கே குவிகின்றன என்று பார்ப்பார்கள். மகரந்தத்தின் நிறத்தையும் கூடவே ஒப்பிடுவார்கள். வெளிர் மஞ்சள் என்றால் வேகாதது, தேன் நிறமும் பழுப்பும் என்றால் பதம், கறுப்பு என்றால் முறுகியது. பிரான்ஸில் 1970-களில் உருவான ராக்-எவால் என்ற கருவி வேறு வழியில் போகிறது. ஒரு சிட்டிகைப் பாறைப்பொடியை 300 டிகிரியிலிருந்து படிப்படியாகச் சூடேற்றி, எந்தச் சூட்டில் அது அதிகமாக ஆவி கக்குகிறது என்று குறித்துக்கொள்ளும். 435 டிகிரியை ஒட்டி அந்த உச்சம் வந்தால் பாறை எண்ணெய்க் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்பார்கள்.

“மண்ணுக்குள் 100 டிகிரியில் நடப்பதற்குக் கருவியில் ஏன் 435 டிகிரி?” என்று நீங்கள் கேட்கலாம். கருவிக்கு அரைமணி நேரம்கூட இல்லை, மண்ணுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்தன. சூடு பத்து டிகிரி கூடினால் வேகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று ரஷ்ய அறிஞர் லோபாடின் 1971-ல் ஒரு கணக்கு வகுத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தி நுட்பமாக்கினார்கள். அடிப்படை மாறவில்லை. சின்னத் தீயில் நீண்ட நேரம் வைத்தாலும் வேகும், பெரிய தீயில் சட்டென்றும் வேகும்.

கச்சா எண்ணெய் உயிரிலிருந்து வந்தது என்பதற்கு என்ன சாட்சி? ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ் 1930-களில் கச்சா எண்ணெயைப் பகுத்துப் பார்த்தபோது போர்ஃபிரின் என்ற மூலக்கூறுகளைக் கண்டார். இலையின் பச்சையம் சிதைந்து மிஞ்சிய எலும்புக்கூடு அது. இத்தனை சூட்டையும் இத்தனை காலத்தையும் தாண்டி இலையின் பச்சை தன் அடையாளத்தை எண்ணெய்க்குள் விட்டுவைத்திருக்கிறது.

இப்போது தங்கையின் கேள்விக்கு நேராக வருகிறேன். நெடுவாசலுக்குக் கீழே இருக்கும் எண்ணெய் நெடுவாசலுக்குக் கீழேயேதான் வெந்தது என்று நினைக்க வேண்டாம். படுகையின் ஆழமான பள்ளத்தை நிலவியலாளர்களே சமையலறை என்றுதான் சொல்கிறார்கள். அங்கே வெந்த எண்ணெய் நீரைவிட லேசானது. அழுத்தம் பிதுக்க, விரிசல் வழியாகவும் மணற்பாறை வழியாகவும் மேல்நோக்கி ஊர்ந்து, ஏதாவது ஒரு களிப்பாறை மூடி தடுக்கும் இடத்தில் தேங்கி நிற்கும். சமையலறை ஓரிடம், பந்தி இன்னோரிடம். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் 1985-ல் கண்டறியப்பட்ட நரிமணம் வயலுக்கும் இதே நியதிதான். கொள்ளிடத்துக்குத் தெற்கே மாதானம் பக்கத்தில் அடித்தளக் கரும்பாறையின் விரிசலுக்குள்ளேயே எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். திருமயத்துப் பாறையின் தூரத்துச் சொந்தம் அது. ஆனால் எண்ணெய் அதற்குள் பிறக்கவில்லை. பக்கத்துக் களிப்பாறையில் வெந்து, வந்து ஒண்டிக்கொண்டது. திருமயத்தில் அப்படி ஒண்டவும் வழியில்லை. மேலே மூட வண்டல் இல்லை, பக்கத்தில் வெந்த களியும் இல்லை.

இந்தப் பதக் கணக்கு தெரிந்தால் அந்த மூன்று சொற்களும் தானாகப் பிரிந்துவிடும். மன்னார்குடிப் பக்கம் எடுக்க நினைத்து, 2011-ல் ஒப்பந்தம் போட்டு, பின்னர் கைவிட்டது மீத்தேன் திட்டம். அங்கே நோக்கம் பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அந்த வகை. அது எண்ணெய்க் கட்டத்தைத் தொடாத இளம் கரி. அதில் இருக்கும் வாயு பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வேலை. வாயு வெளிவர முதலில் கரிப்படுகையின் நீரை இறைத்தாக வேண்டும். நீரின் மேல் கை வைக்கிறார்கள் என்று இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னது அதனால்தான். அந்தப் பிரசாரப் பயணத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அவர் மறைந்தார். ஷேல் வாயு வேறு. அதில் ஊர்ந்து வந்து தேங்கிய எண்ணெயைத் தேடுவதில்லை. வெந்த மூலப்பாறையையே உடைத்து எடுப்பது. சமையலறையிலேயே பந்தி. அதனால் அங்கே விட்ரினைட் எண்தான் எந்த ஊரில் இயந்திரம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும். 2013 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஷேல் கொள்கையில் காவிரிப் படுகையும் உண்டு. நெடுவாசல் இந்த இரண்டிலும் சேராது. அது ஓஎன்ஜிசி முன்பே துளையிட்டுக் கண்ட, தேங்கி நிற்கும் எண்ணெய், எரிவாயு வயல். 2017-ல் ஷேலையும் மீத்தேனையும் அதற்குள் கலந்து எழுதியதைத்தான் மேலே பிழை என்று சொன்னேன். பந்தலில் உட்கார்ந்த மக்களின் கவலை பிழையானது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு திட்டம் எதை, எந்த ஆழத்திலிருந்து, எப்படி எடுக்கப்போகிறது என்பதைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த ஊரிடம், பதில் சொல்ல வருகிறவர் மழுப்ப முடியாது. அதற்காகத்தான் இந்தத் திருத்தம்.

பாறையின் பதம் எவ்வளவு எண்ணெய் பிறந்திருக்கும் என்று ஓரளவு சொல்லும். அதற்கு மேலிருக்கும் பலா மரத்தையும் நிலத்தடி நீரையும் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கணக்கை மேலே இருப்பவர்கள்தான் போட வேண்டும், போட்டார்கள். நெடுவாசலில் திட்டம் நடக்கவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. டெல்டா மாவட்டங்களோடு நம் மாவட்டத்தின் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் தேடுவது, எடுப்பது அங்கே தடை செய்யப்பட்டது. அப்படியும் 2021 ஜூனில் மத்திய அரசு அறிவித்த ஏலப் பட்டியலில் கறம்பக்குடிப் பக்கத்து வடதெரு இடம்பெற்றது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பாறை எங்கும் போய்விடவில்லை, கேள்வி மறுபடி வரும் என்றே நினைக்கிறேன். அப்போது இந்த மாணவியின் வயதுக்காரர்கள்தான் பந்தலிலும் இருப்பார்கள், ஆய்வகத்திலும் இருப்பார்கள். இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நிலவியல் படிக்க நம் பக்கத்துப் பிள்ளைகள் வர வேண்டும், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். தங்கைக்குத் தனியாக எழுதிய பதிலிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். தெரணியில் எடுத்த அந்த இலை அச்சின் படத்தையும் கூட வைத்து அனுப்பினேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்ட நாள் நினைவிருக்கும். எத்தனையாவது அடியில் செம்மண் முடிந்தது, எங்கே வெள்ளைக் களி வந்தது, எங்கே மணல், எங்கேயாவது கறுப்பாகக் கரி மாதிரி வந்ததா, தண்ணீர் எந்த ஆழத்தில் சூடாக வந்தது? நினைவில் இருப்பதை ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரும் அடிக்கணக்கும் போதும். எண்ணெய் இருக்கும் ஆழம் அதற்கும் எவ்வளவோ கீழே என்றாலும், மேல் ஆயிரம் அடி நம்முடையது, நாம் தினமும் குடிப்பது. வருகிற அட்டைகளை ஊர்வாரியாக அடுக்கி, கிழக்குப் புதுக்கோட்டையின் மண் அடுக்கை ஒரு படமாக வரைந்து பொங்கல் இதழின் நடுப்பக்கத்தில் போட நினைத்திருக்கிறோம். பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. ராட்டினம் வைத்துக் கிணறு வெட்டிய காலத்து ஆட்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்